ஒலிவர் கோல்ட்ஸ்மித்தும் வேக்பீல்ட் குருவானவரும்

ஆங்கிலம் கற்ற நம்மவர் பலருக்கு ஒலிவர் கோல்ட்ஸ்மித் என்னும் பெயர் புதியதன்று. 'கைவிடப்பட்ட கிராமம்' என்ற அவருடைய செய்யுளில் வரும் ஊர்ப் பள்ளியாசிரியரை முன்னாளிலே வகுப்பறையிற் சந்தியாதவர் சிலரே. அவர் எழுதிய ஒரே நாவலாகிய 'வேக்பீல்ட் குருவானவர்' என்பதும் நெடுங்காலம் பாடநூலாக விளங்கியது. பாடநூலானமையால் அதற்கு ஒரு தீங்கும் நேர்ந்தது. துன்பத்திற் பொறுமை காத்த நல்லார் ஒருவரின் கதை என்று வினாவுக்கு விடையெழுதிவிட்டு நாம் அதனை மூடி வைத்துவிட்டோம். அந்நூல் அவ்வளவுதானா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கோல்ட்ஸ்மித் அயர்லாந்திலே 1728ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். தந்தையார் சிறு வருவாயும் பெரிய குடும்பமும் உடைய ஒரு கிராமக் குருவானவர். இளமையிற் கண்ட அம்மை நோய் ஒலிவரின் முகத்தை வடுப்படுத்தியது. 1745இல் டப்ளின் நகரத்துத் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆனால் கட்டணஞ் செலுத்த வகையற்ற ஏழை மாணாக்கராகவே சேர்ந்தார். அத்தகையோர் அக்காலத்திலே முற்றங்களைக் கூட்டவும், பெரியோர் உண்ணும் மேசைக்கு உணவுத் தட்டுக்களைச் சுமக்கவும் வேண்டியிருந்தது. உடையிலும் அவர்களைப் பிரித்தறிய அடையாளம் உண்டு. ஒருமுறை சிறு பரிசொன்று பெற்ற மகிழ்ச்சியில் ஒலிவர் தம் அறையில் நண்பர்க்கு விருந்து வைத்தார். ஆசிரியரொருவர் உட்புகுந்து, விருந்தினர் காண அவரை அடித்தார். மறுநாள் நூல்களை விற்றுவிட்டு ஓடியவரைத் தமையனாரே மீட்டுக் கொணர்ந்தார். கல்லூரி மலரொன்றில் இதனை எழுதும்போது நம் மனம் சற்று நின்றே செல்கின்றது.

பட்டம் பெற்றபின் அவர் தொட்டது எதுவும் துலங்கவில்லை. குருத்துவத்துக்கு விண்ணப்பித்தார், ஏற்கப்படவில்லை. சட்டம் பயிலப் புறப்பட்டார். வழிச்செலவுப் பணத்தை டப்ளினிலேயே சூதில் இழந்தார். எடின்பரோவிலும் லைடனிலும் மருத்துவம் பயின்று, பின்பு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றைக் கால்நடையாகச் சுற்றினார். ஊர்தோறும் புல்லாங்குழல் வாசித்து உணவும் உறையுளும் பெற்றார் என்பர். 1756இல் இலண்டன் சேர்ந்து மருந்துக்கடை உதவியாளர், வைத்தியர், பள்ளித் துணையாசிரியர், சஞ்சிகைகளுக்குக் கூலிக்கு எழுதுபவர் எனப் பல வேடம் பூண்டார்.

1758இல் நடந்த ஒரு நிகழ்ச்சி தமிழராகிய நமக்குச் சுவை பயப்பது. கிழக்கிந்தியக் கும்பனியார் சோழமண்டலக் கரையில் நடத்திய பண்டகசாலையொன்றுக்கு வைத்தியராக அவர் நியமனம் பெற்றார். பயணச் செலவுக்காகவே ஐரோப்பியக் கல்வி நிலை பற்றிய ஆராய்ச்சி நூலொன்றையும் எழுதத் தொடங்கினார். எக்காரணத்தாலோ அந்நியமனம் கைகூடாது போயிற்று. அவ்வாண்டு இறுதியில், சத்திர வைத்தியர் சங்கத்தார் நடத்திய தேர்விலும் தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டார். தேர்வுக்கென்று பிறர் பிணையிற் பெற்ற உடையும் அடகுக்கடைக்குப் போயிற்று. அவர் கப்பலேறியிருப்பின் தமிழகக் கரையிலே ஒரு நடுத்தர வைத்தியர் வாழ்ந்திருப்பார். ஆங்கில இலக்கியத்துக்கு இந்நாவல் கிடைத்திராது.

நாவல் வெளிவந்த வரலாறும் ஒரு கடன் கதையே. வாடகை செலுத்தாமையால் வீட்டுக்காரி அவரைச் சிறைப்பிடிப்பித்தாள். செய்தியறிந்த சாமுவேல் ஜோன்சன் ஒரு கினி நாணயத்தை முன்னே அனுப்பித் தாம் பின்னே சென்றார். சென்று பார்த்தால் கினி மாற்றப்பட்டு, மேசைமீது மதீரா மதுப்புட்டி ஒன்று நின்றதாம்! ஜோன்சன் புட்டியை அடைத்துவிட்டு, விற்கத்தக்கது யாதேனும் உண்டோ என்று வினவ, நாவலின் கையெழுத்துப் பிரதி வெளிவந்தது. அதனை 60 பவுணுக்கு விற்றுக் கொடுத்தார் ஜோன்சன். வாடகையைத் தீர்த்த கோல்ட்ஸ்மித் வீட்டுக்காரியை நன்றாக ஏசவும் மறக்கவில்லை. இது நிகழ்ந்தது 1762ஆம் ஆண்டளவில். வாங்கியோர் நூலை வெளியிடாது வைத்திருந்தனர். 'பிரயாணி' என்ற செய்யுளால் 1764இல் ஆசிரியருக்குப் புகழ் உண்டாகி, அதன்மேலும் ஓராண்டு கழிந்து, 1766 மார்ச்சிலே நாவல் வெளிவந்தது.

கதையைக் கூறுபவர் பிரிம்ரோஸ் என்னும் குருவானவரே. அவர் தம் வாயாற் கூறுவதே இந்நூலின் உயிர்நிலை. குருமார் மனைவியை இழந்தபின் மறுமணஞ் செய்தல் ஆகாதென்பது அவருடைய பெருங் கொள்கை. அதன்பாற் கொண்ட பற்றினால், உயிரோடிருக்கும் தம் மனைவிக்குக் கல்லறை வாசகம் எழுதி, சட்டமிட்டுக் கணப்படுப்பின்மேல் மாட்டி வைத்தவர் அவர். மூத்த மகன் ஜோர்ஜின் திருமணம் நெருங்குகையில், மணமகளின் தந்தையோடு இக்கொள்கை பற்றி வாதிடுகிறார். அம்மனிதரோ நான்காம் மனைவியைத் தேடிக்கொண்டிருப்பவர்! அதே வேளையில், தம் செல்வமனைத்தையும் ஒப்படைத்திருந்த வணிகன் ஓடிவிட்டான் என்ற செய்தியும் வருகின்றது. மணம் முடியும்வரையேனும் வாயை அடக்கும்படி உறவினர் வேண்டியும் அவர் இசையவில்லை. மணம் நின்றது. ஆண்டுக்கு 15 பவுண் வருவாயுள்ள சிற்றூருக்குக் குடும்பம் பெயர்கின்றது.

அங்கு நிகழ்வனவற்றுள் குதிரை விற்ற கதைகள் இரண்டும் உற்று நோக்கத்தக்கன. முதலில் இளைய மகன் மோசே ஒரு குதிரைக்குட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோய், அதன் விலைக்குப் பன்னிரண்டு டசின் பச்சை மூக்குக்கண்ணாடிகளை வாங்கி வருகிறான். வெள்ளி விளிம்பென்று அவன் நம்பியது முலாமிட்ட செம்பு. இதனைச் சொல்லிச் சிரியாத மாணவர் இலர். அடுத்து வருவதோ இன்னும் நுண்ணியது. எஞ்சிய குதிரையைத் தந்தையாரே விற்கப் புறப்படுகிறார். வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குறைசொல்லக் கேட்டு, ஈற்றில் அவருக்கே தம் குதிரையை எண்ணி நாணம் உண்டாகின்றது. அவ்வேளை நரைத்த முதியவர் ஒருவர், உலகத் தோற்றம் பற்றிக் கிரேக்கமும் இலத்தீனும் கலந்து பேசி, மறுமணத்தை மறுத்தெழுதிய பேரறிஞர் நீர் தாமோ என்று வியக்கின்றார். குருவானவரின் உள்ளம் குளிர்கின்றது, குதிரையும் கைமாறுகின்றது. கையிற் கிடைத்த உண்டியலோ செல்லாத காகிதம். மகனை ஏமாற்ற வெள்ளி முலாம் போதும். தந்தையை ஏமாற்றப் புகழ்ச்சி வேண்டியிருந்தது. இதனை அவர் ஒளியாது சொல்கின்றார். சொல்வதன் பொருள் முழுவதையும் அவர் உணர்ந்தாரோ என்பது ஐயமே. குடும்பப் படமொன்றை வரைவித்தபின், அது எந்தக் கதவு வழியும் நுழையாது சமையலறைச் சுவரிற் சாய்ந்து நின்றதைச் சொல்லும் இடமும் அத்தகையதே.

இவ்வாறு நாம் நகைத்துப் பழகிய மனிதரே பின்பு சிறைக்குச் செல்கின்றார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மகள் ஒலிவியாவை நிலப்பிரபு தோண்ஹில் வஞ்சித்துக் கொண்டுபோகிறான். அவளைக் கண்டுபிடித்துத் திரும்பும் இரவில் வீடு தீப்பற்றி எரிகின்றது. சிறு மைந்தர் இருவரையும் மீட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறார். வாடகை கொடாமைக்காகச் சிறை. அங்கே கைதிகள் எள்ளி நகையாடவும் விடாது போதித்து, முளைகள் சீவும் சிறு தொழிலையும் அவர்களுக்கு அமைத்துக் கொடுக்கின்றார். சிறு களவுக்கும் தூக்குத் தண்டனை விதித்த அக்கால ஆங்கிலச் சட்டத்தைக் குருவானவர் வாயிலாக ஆசிரியர் கண்டிக்கும் அத்தியாயம், கடனுக்குப் பிடிபட்டவர் கையால் எழுதப்பட்டது என்பதை நினைந்து படித்தல் தகும்.

எனினும் அவரைப் பொறுமையே உருவானவர் என்று விடையெழுதிய நாம் ஓரிடத்தைத் தாண்டிச் சென்றுவிட்டோம். ஒலிவியா இறந்தாள் என்ற செய்தி வருகின்றது. சோபியாவை எவரோ கடத்திச் செல்கின்றனர். குருதி தோய்ந்து விலங்கிட்ட கோலத்தில் ஜோர்ஜும் அதே சிறைக்கு வருகிறான். அப்பொழுது குருவானவர் வாய்விட்டுச் சபிக்கிறார். மைந்தனே அவரை இடைமறித்து, அவர் வயதையும் பணியையும் நினைவூட்டுகிறான். போதித்தவர் உடைந்துவிட, போதனை கேட்டு வளர்ந்தவன் அதனைத் திருப்பிக் கொடுக்கின்றான். அதன்பின் அவர் கைதிகளுக்குச் செய்யும் பிரசங்கம் உறுதியுற்றவர் ஒருவருடையதன்று. சற்றுமுன் வீழ்ந்து எழுந்தவருடையது. நூலின் சிகரம் இதுவே என்பது எம் கருத்து.

ஜேர்மானியக் கவிஞர் கோதே 1770இல் ஸ்ட்ராஸ்பேர்க் நகரிலே இந்நூலைப் பிறர் படிக்கக் கேட்டு, வாழ்நாள் முழுதும் போற்றினார். தெலுங்கிலே கந்துகூரி வீரேசலிங்கம் இதனைத் தழுவி 'இராசசேகர சரித்திரம்' இயற்றினார். அது 1880இல் நூலாயிற்று.

முடிவைப் பற்றி எமக்கு மனக்குறை உண்டு. ஓடிய வணிகன் பிடிபடுகிறான். ஏழையாய் வந்த பேர்ச்செல் பெருஞ் செல்வராகத் தம்மை வெளிப்படுத்தி, தாம் மீட்ட சோபியாவை மணக்கிறார். குதிரையைக் கவர்ந்த அந்த முதியவரே ஒலிவியாவின் திருமணம் செல்லுபடியானதென மெய்ப்பிக்கிறார். ஆகவே, உயிரோடிருக்கும் அம்மகள் தன்னை வஞ்சித்தவனுக்கே மனைவியாகிறாள். இதனை எல்லோரும் மகிழ்ந்து கொண்டாடுகின்றனர்! நூலில் நூறு குறைகள் உள என்று ஆசிரியரே முகவுரையில் ஒப்புக்கொண்டார். இதனையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினாரோ அறியோம்.

குருவானவருக்குச் செல்வத்தை மீட்டுக் கொடுத்த ஆசிரியருக்கு அத்தகைய இறுதி அத்தியாயம் வாய்க்கவில்லை. நாடகங்களால் ஈட்டியதும் நில்லாது போயிற்று. 1774 ஏப்பிரல் 4ஆம் நாள், இலண்டன் டெம்பிள் பகுதியிலிருந்த தம் அறைகளில், ஏறக்குறைய 2,000 பவுண் கடனோடு அவர் காலமானார். மனத்தில் அமைதி உண்டோ என்று வைத்தியர் வினவியபோது இல்லை என்றே சொன்னாராம். அவர் கையால் உதவி பெற்ற ஏழைப் பெண்கள் அவ்வீட்டுப் படிக்கட்டில் நிறைந்திருந்து அழுதனர் என்று வரலாறு எழுதியோர் கூறுவர்.