படகேறும் நாளின் பகல்

கண்ணு, பகலில் காத்தோங்கும் தேக்காவும், அந்தி சாயும்போது சிங்கப்பூர் ஆற்றில் பம்போட் சவாரியும் என்று நினைத்திருக்கிறாய். நல்ல நாள்தான். ஊரிலிருந்து வந்த எத்தனையோ சொந்தங்களை இந்த வழியில் கூட்டிப்போனவள் என்பதால் சில சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. விடியலிலேயே கிளம்பு. சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகரைக் காலையிலேயே கும்பிட்டுவிடு. உச்சி வெயிலில் வெறுங்காலோடு வெளிப்பிராகாரத்தில் நிற்க முடியாது. 1850களில் குளக்கரையில், செண்பக மரத்தடியில் பிள்ளையார் சிலை கிடைத்ததாகக் கோயில் வரலாறு. இலங்கைத் தமிழர் வளர்த்த கோயில். அவசரமாகச் சுற்றிவிட்டு ஓடாதே. உட்கார்.

2. நிழல் பார்த்து நட. கடைவீட்டு முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை இருக்கிறதே, அது 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வருவது. வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் துணை. கூன் செங் ரோட்டின் வண்ண வீடுகளைப் பார்க்கும்போது ஒன்றை மறவாதே: பூப்போட்ட ஓட்டுக்கற்களுக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு கிடக்கும், துளசியோ மணிபிளாண்டோ தொட்டியில் நிற்கும். உள்ளே யாரோ வாழ்கிறார்கள். வாசற்படியில் ஏறிப் படம் எடுக்காதே.

3. மதியம் வயிறு முட்டச் சாப்பிடாதே. காத்தோங் லக்சா ஒரு கிண்ணம் போதும். நூடுல்ஸை நறுக்கியே போட்டிருப்பார்கள், கரண்டி மட்டும் இருந்தால் ஆயிற்று. தண்ணீரைத் தாகம் எடுக்குமுன் குடி.

4. வெயிலில் வாய்ச்சண்டை வேண்டாம். இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை சீக்கிரம் உலராது. உலராவிட்டால் உடம்பு குளிராது. உடம்பு கொதிக்கும்போது நாக்கும் கொதிக்கும். என் அக்கா பிள்ளைகள் இருவர் தேக்காவில், சிராங்கூன் ரோட்டில், எந்தக் கடைக்கு முதலில் போவது என்று பட்டப்பகலில் சண்டை போட்டார்கள். மாலையில் ஒரே படகில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி போனார்கள். பாவம், ஆறு இருவருக்குமே கிடைக்கவில்லை. ஒரு கோயிலோ ஒரு கடையோ விட்டுப்போனால் போகட்டும். கூட வருகிற பாட்டியின் நடைக்கு உன் நடையைக் குறைத்துக்கொள்.

5. மழை வந்தால் நில். இங்கே பெரும்பாலும் பெய்துவிட்டுப் போய்விடும்.

6. படகில் ஏறியதும் முகப்பைக் கவனி. சில பம்போட்டுகளில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும், சீனத் தோணிக்காரர்களின் வழக்கம் அது. அவர்களுக்கும் முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இந்த ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் மிகுதியானோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியாக்கள். நம் கரைக்காரர்கள். கப்பலிலிருந்து இறங்கிய மூட்டையெல்லாம் அவர்கள் தோணிவழியே கிடங்குக்குப் போனது. பின்னாளில் ஆறு நாறிப்போயிற்று. 1977இல் துப்புரவுப் பணி தொடங்கியது. 1983இல் சரக்குத் தோணிகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். 1987இல் பணி நிறைவுற்றது. நீ காற்று வாங்கப் போகும் ஆறு அப்படித் தெளிந்தது. தொழிலை இழந்து இடம் மாறியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

கேவனா பாலத்தை நெருங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார். எவ்வளவு தாழ்வு! அந்நாளில் கடல் ஏற்றத்தில் சரக்குத் தோணி அதனடியில் நுழையாது. நீர் வடியும்வரை காத்துக் கிடப்பார்கள். பக்கத்தில் சிறு பிள்ளை இருந்தால் இதைச் சொல்லு. வெளிப்பக்க இருக்கையைப் பாட்டிக்குக் கொடு.