கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டங்கள்: குழந்தை மரணமும் மருத்துவ வசதியும் – முக்கியக் குறிப்புகள்

தோட்டப்புறச் சுகாதாரம் பற்றிக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் பலர் நாட்டின் சிசு மரண விகிதத்தை மூன்று ஆண்டுகளுக்கு எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். எண் சரியாக இருந்தாலும் விடை பாதிதான். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்த பிள்ளையின் உயிருக்கு யார் பொறுப்பு, தோட்டத் துரையா அரசாங்கமா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு பதில் இருந்தது. சில காலங்களில் பதிலே இல்லை. கீழுள்ள குறிப்புகளை அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

அளவைகள்

● பச்சிளங்குழந்தை மரணம்: பிறந்து 28 நாள் நிறையுமுன். சிசு மரணம்: ஒரு வயது நிறையுமுன். ஐந்து வயதுக்குட்பட்டோர் மரணம்: ஐந்து வயது நிறையுமுன். மூன்றும் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுக்கு எத்தனை என்று கணக்கிடப்படும்.

● 1 முதல் 4 வயது வரையிலானோர் மரண விகிதத்தை மலேசியப் புள்ளிவிவரங்கள் அந்த வயது மக்கள்தொகை 1,000-க்கு எனக் கணக்கிடுகின்றன. வகுக்கும் எண் வேறு என்பதால் இதைச் சிசு மரண விகிதத்தோடு கூட்டக் கூடாது. தேர்வில் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

● சிறிய இடத்தின் விகிதத்தை எச்சரிக்கையோடு கையாளுங்கள். ஆண்டுக்கு 30 பிள்ளைகள் பிறக்கும் தோட்டத்தில் ஒரு சிசு இறந்தால் விகிதம் 33. அடுத்த ஆண்டு ஒருவரும் இறக்காவிட்டால் பூஜ்யம். மாவட்டச் சராசரிக்குள் இந்தத் தோட்டம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் சராசரியை மட்டும் காட்டி "தோட்டங்கள் நலமாக உள்ளன" என்று எழுதக் கூடாது.

நிலமும் மலேரியாவும்

● கோல சிலாங்கூர் கடலோரச் சமவெளி: ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை). உலு சிலாங்கூர் மலையடிவாரம்: கெர்லிங், கலும்பாங், ரவாங்கிற்கு வடக்கேயுள்ள செரண்டா, பத்தாங் காலி. அண்டை மாவட்டங்களாக இருந்தும் இரண்டிலும் மலேரியா ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை.

● சமவெளியில் நோயைப் பரப்பியது அனோபிலிஸ் அம்புரோசஸ் என்ற கொசு. காட்டு நிழலில் தேங்கிய சதுப்பு நீரில் வளர்வது. காட்டை வெட்டி வடிகால் தோண்டினால் குறைந்துவிடும். மலையடிவாரத்தில் அனோபிலிஸ் மாகுலாட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் வளர்வது. இங்கே ரப்பர் நடக் காட்டை வெட்ட வெட்ட நோய் பெருகியது. ஒரே வேலை ஓரிடத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றியது, மற்றோரிடத்தில் கொன்றது. புதிதாகத் திறந்த சில மலைத்தோட்டங்களில் ஓராண்டில் 1,000 தொழிலாளருக்கு 200-க்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

● இதைக் கண்டறிந்தவர் மால்கம் வாட்சன். 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தார். அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய போர்ட் கிள்ளான்) மலேரியாவால் முடங்கியபோது வடிகால் வெட்டி நோயைக் கட்டுப்படுத்தினார். பிறகு அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களுக்கான மருத்துவரானார். கூட்டரசு மலாய் மாநிலங்களின் மலேரியாத் தடுப்பு பற்றிய அவரது நூல் 1911-இல் ரொனால்ட் ராஸின் முன்னுரையோடு வந்தது.

● வாட்சனின் அளவுகோல் குழந்தைகள்தாம். லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று எண்ணினார். பெரியவர்கள் வருவார்கள், ஓடிப்போவார்கள், இறப்பார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையின் உடல்தான் தோட்டத்தின் உண்மை நிலையைக் காட்டியது. கணக்குப் புத்தகத்தில் "கூலி மரணம்" மட்டுமே முதலாளியின் கண்ணுக்குப் பட்ட காலத்தில், ஒரு மருத்துவர் பிள்ளைகளை எண்ணினார் என்பதை நான் பெரிய விஷயமாகவே கருதுகிறேன்.

● மலேசியாவில் 2018 முதல் மனிதரிடையே பரவும் மலேரியாவால் உள்நாட்டுத் தொற்று பதிவாகவில்லை. குரங்கிலிருந்து பரவும் நோலசி வகை இன்னும் உண்டு.

சாப்பாடும் பாலும்

● பெரிபெரி: தீட்டிய பச்சரிசி உண்டவர்களை வாட்டிய நோய். புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் மிகக் குறைவாக இருந்ததை மருத்துவர் பிராடன் கவனித்து 1907-இல் எழுதினார். கோலாலம்பூர் மனநல விடுதியில் 1905-இல் மருத்துவர் பிளெட்சர் நடத்திய சோதனையும் இதையே காட்டியது. குழந்தைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அரிசியைத் தீட்டும்போது போய்விடும் தயமின் சத்து தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். பால்குடிப் பிள்ளை திடீரென இதயம் தளர்ந்து இறந்துபோகும். ஊரிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டுப் பழக்கம் யாருடைய உத்தரவும் இல்லாமலே பல உயிர்களைக் காத்தது.

● டின் பால்: தாய் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும். பிள்ளை ஆயாக் கொட்டகைக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு)ப் போகும். தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பூட்டிய டின் பாலும், அதோடு சுத்தமில்லாத தண்ணீரும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு, மெலிவு. மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், இந்தப் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று விற்பது கொலைக்குச் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். தாயின் அறியாமை என்று மட்டும் விடையில் எழுதாதீர்கள். வேலை நேரத்தை வகுத்தது தாயல்ல.

சட்டமும் தோட்டத்து ஆஸ்பத்திரியும்

● 1912, 1923 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்: குடியிருப்பு, மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கின. பெரிய தோட்டங்கள் சொந்த ஆஸ்பத்திரி கட்டின. சிறியவை சேர்ந்து பொது ஆஸ்பத்திரி வைத்தன. அன்றாடம் மருந்து கொடுத்தவர் டிரெஸர். டாக்டர் எப்போதாவது வந்துபோவார்.

● 1941 கிள்ளான் வேலைநிறுத்தம்: ஆர்.எச். நாதன் தலைமையில் சிலாங்கூர் தோட்டத் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வோடு முறையான மருத்துவ வசதியும், பிள்ளைகளுக்குப் பள்ளியும், கள்ளுக்கடை மூடலும் இருந்தன. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். பாடநூல் இதைச் சம்பளப் போராட்டம் என்று சுருக்கிவிடும். மருத்துவக் கோரிக்கையைச் சேர்த்து எழுதுங்கள்.

● 1965: தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் (சட்டம் 435). 1966: மருத்துவச்சிகள் சட்டம் (சட்டம் 436).

● 1990: தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் (சட்டம் 446). 1966-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. வீடு, தண்ணீர், குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவை இதில் அடக்கம். இதன் பலவீனம் என்னவென்றால், பிள்ளையின் உரிமை பெற்றோரின் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. குத்தகைக்காரர் மூலம் ஆள் எடுக்கும் முறை பரவியபோது யார் முதலாளி என்பதே குழப்பமானது. தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டால் ஆயாக் கொட்டகையும் கிளினிக்கும் அதோடு போயின.

● பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது: 1 ஜனவரி 2023.

● களைக்கொல்லி பாராகுவாட்: மருந்தடிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களே இருந்தனர். 2002-இல் தடைக்கு முடிவாகி, 2006-இல் அது தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரியில் முழுத்தடை வந்தது.

அரசின் கிராமச் சுகாதாரம்: எல்லை எங்கே நின்றது?

● 1956-இல் மூன்றடுக்கு அமைப்பு: 50,000 பேருக்கு முதன்மை நிலையம், 10,000 பேருக்குத் துணை நிலையம், 2,000 பேருக்கு மருத்துவச்சி தங்கும் கிளினிக். 1970-களில் இது ஈரடுக்கானது: கிளினிக் கெசிஹாத்தான் (சுகாதார நிலையம்), கிளினிக் டேசா (கிராமக் கிளினிக்). தாதி வீட்டுக்கு வந்து பிரசவம் பார்ப்பதும், கர்ப்பிணிக்கு ஆபத்தின் அளவுக்கேற்ப நிற அடையாளம் இடுவதும் இந்த அமைப்பின் பலம். வளரும் நாடுகள் பல இதை முன்மாதிரியாகப் பேசுகின்றன. அந்தப் பாராட்டு நியாயமானது.

● ஆனால் தோட்டம் தனியார் நிலம். அரசுத் திட்டங்கள் "கிராமப்புறம்" என்று எண்ணியது கம்போங்குகளையும் நிலக்குடியேற்றத் திட்டங்களையும். தோட்டத்துக்குள் கிளினிக் கட்டுவது நிர்வாகத்தின் வேலை என்று விடப்பட்டது. ஒரே சாலையின் ஒரு பக்கத்துக் கம்போங் பிள்ளைக்கு அரசுத் தாதி வீடு தேடி வருவாள். மறுபக்கத்து லயத்துப் பிள்ளைக்கு டிரெஸர் மட்டுமே. எழுத வேண்டிய மையக் கருத்து இதுதான்.

● கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை: மருத்துவமும் சுகாதாரமும் கூட்டரசுப் பட்டியலில், பொதுச் சுகாதாரம், துப்புரவு, நோய்த்தடுப்பு பொதுப் பட்டியலில். நிலம் மாநிலத்தினுடையது. மூன்றும் ஒரே தோட்டத்தில் சந்திக்கும்போது பொறுப்பு ஏன் நழுவியது என்பது புரியும்.

● அரசு மருத்துவமனைகள்: கோல சிலாங்கூர் மாவட்டத்துக்கு தஞ்சோங் காராங், உலு சிலாங்கூருக்கு கோல குபு பாரு, வடக்கே சபாக் பெர்ணமில் தெங்கு அம்புவான் ஜெமாஆ. கடுமையான நோய் என்றால் கிள்ளான், செலாயாங், சுங்கை பூலோ. செம்பனைத் தோட்டத்தின் உள்ளேயிருந்து பெரிய சாலைக்கு வரும் லேட்டரைட் பாதையும் இரவில் கிடைக்காத வண்டியும் இந்தப் பட்டியலில் வராது. நீங்கள் சேர்க்க வேண்டும்.

எண்கள்

● தீபகற்ப மலேசியாவின் சிசு மரண விகிதம்: 1947-இல் 102, 1957-இல் 75.5; 1970-இல் ஏறத்தாழ 40; 1990-இல் ஏறத்தாழ 13.

● 2000-க்குப் பின் நாட்டு விகிதம் 6-க்கும் 7-க்கும் அருகிலேயே நின்றுவிட்டது. மிஞ்சியவற்றில் பாதிக்கு மேல் முதல் 28 நாளில் நிகழ்பவை: குறைப்பிரசவம், பிறவிக் குறை, பிரசவச் சிக்கல். தடுப்பூசியும் சுத்தமான நீரும் முந்தைய இறக்கத்தைத் தந்தன. இனி வேண்டியது தீவிரச் சிகிச்சையும் அங்கே விரைவாகச் சேர வண்டியும்.

● தடுப்பூசி: பிசிஜி 1961, போலியோ 1972, ஹெப்படைட்டிஸ் பி 1989. போலியோ இல்லாத நாடு 2000; 2019 டிசம்பரில் சபாவில் மீண்டும் ஒரு குழந்தைக்கு.

● உலகம்: 2022-இல் ஐந்து வயதுக்குட்பட்டோர் மரணம் 49 லட்சம், அதில் பச்சிளங்குழந்தைகள் 23 லட்சம். நிலைத்த மேம்பாட்டு இலக்கு 3.2: 2030-க்குள் ஐந்து வயதுக்குட்பட்டோர் விகிதம் 25-க்கும், பச்சிளங்குழந்தை விகிதம் 12-க்கும் மேல் போகக் கூடாது. மலேசியா ஏற்கெனவே இதற்குள் உள்ளது.

இப்போதைய லயம்

● ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டம்தான் (1917, ஆன்றி ஃபோகோனியே). தமிழ்க் குடும்பங்கள் பல டவுனுக்கு நகர்ந்துவிட்டன. இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளியர் வந்திருக்கிறார்கள்.

● குடிமகன் அரசுக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு டாக்டரைப் பார்க்கலாம். குடியுரிமை இல்லாதவருக்குக் கட்டணம் பல மடங்கு. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விடப்பட்ட தோட்டத்துப் பிள்ளையும், ஆவணமில்லாத வெளிநாட்டுத் தொழிலாளியின் பிள்ளையும் முகப்பில் ஒரே தடையைச் சந்திக்கிறார்கள். அடையாள ஆவணத்தை மருத்துவ வசதியின் ஒரு காரணியாக விடையில் குறிப்பிட்டால், வருமானம், தூரம் என்று மட்டும் எழுதியவரைவிட உங்கள் விடை ஒரு படி மேலே நிற்கும்.