ஆண்டாள் கேட்ட மழை



திருப்பாவை நான்காம் பாசுரத்தில் ஆண்டாள் மழைத் தேவதையான பர்ஜன்யனுக்குப் பணி இடுகிறாள். கடலுள் புகுந்து நீரை முகந்து, மேலேறி, கறுத்து, மின்னி, இடித்துப் பொழியச் சொல்கிறாள். இதைக் காட்டி, விஞ்ஞானத்துக்கு முன்பே ஆண்டாள் நீர்ச்சுழற்சியைச் சொல்லிவிட்டாள் என்று மேடைகளில் பெருமை பேசக் கேட்கிறோம். நமக்கு அதில் உடன்பாடில்லை. கடல்நீர் ஆவியாகி மேகமாவது ப்ரத்யக்ஷத்தாலும் அநுமானத்தாலும் அறியக்கூடியது. அவற்றுக்கு எட்டாததை அறிவிக்கவே சாஸ்திரம் என்பது நம் பூர்வர்கள் கொண்ட நிலை. வானிலை அறிஞர் சொல்வதையே பாசுரமும் சொல்கிறது என்றால் பாசுரத்துக்கு என்ன ஏற்றம்?

ஏற்றம் வேறிடத்தில் உள்ளது. மேகத்தின் கருமைக்கு எம்பெருமான் திருமேனியும், மின்னலுக்குத் திருவாழியும், இடிக்கு வலம்புரியும், மழைத் தாரைக்குச் சார்ங்கத்தின் அம்புகளும் உவமையாகின்றன. அம்பு என்றதும் இலங்கை அழிந்தது நினைவுக்கு வருமே! ஆகவே உலகம் வாழும்படி பெய்ய வேண்டும் என்று உடனே வரம்பிடுகிறாள். முந்தைய பாசுரத்திலும் கேடில்லாத மழையைத்தான் மாதம் மும்முறை கேட்டாள்; ஒன்பது நாள் வெயில், ஒரு நாள் மழை என்று பெரியோர் அதை விரிப்பர்.

இந்த வரம்பின் அருமை புதியம்புத்தூர்ப் பக்கத்துக் கரிசல் விவசாயிக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற மானாவாரி பூமி அது. மழை பொய்த்தால் உளுந்தும் பாசியும் கருகும். கரிசல் மண் ஈரத்தை விடாது பிடித்துக்கொள்வதால், மழை மிஞ்சினால் வேர் அழுகும். 2023ஆம் ஆண்டில் டிசம்பர் 17 அன்று மார்கழி பிறந்தது. அன்றைய மழை தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அம்மாவட்டம் ஓராண்டில் சராசரியாகப் பெறுவதையும் விஞ்சியது. மாவட்டத்தில் பயிர்கள் மூழ்கின. வெள்ளம் முற்றும் வடியுமுன்பே மார்கழி நான்காம் நாள் வந்தது. மழை வேண்டும் என்று எந்த வாயால் சேவிப்பது?

சேவிக்கலாம் என்பதே நம் துணிபு. ஆண்டாள் அப்படிப்பட்ட மழையைக் கேட்கவில்லை. குமரிக்கடல் மேல் நிலவிய காற்றுச்சுழற்சியே காரணம் என்று வானிலைத் துறை சொன்னதை மறுக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஊரார் செய்த பாவம் என்று, துன்புற்றவர் தலையில் பழி ஏற்றவும் பாசுரம் இடம் தரவில்லை. எந்த மழை வாழ்விக்கும், அதற்கு ஓடையும் கண்மாயும் எப்படி இருக்க வேண்டும் என்பதை வானிலை அறிஞரும் விவசாயியும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசட்டும். உபந்யாஸகர் அங்கே கேட்பவராகவும் சற்று இருக்கலாம். ஆய்ச்சிறுமியர்கூட உலகின் வாழ்வை முதலில் வேண்டி, தங்கள் மார்கழி நீராட்டத்தைப் பின்னேதான் வைத்தார்கள்.