எழுத்துக்கூட்டலும் கைப்பேசிச் செயலியும்

ஆங்கிலத்தில் ஒலிப்பது ஒன்று, எழுதுவது வேறு. கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் ஒலியாத 'பி' ஒன்று நிற்கிறது. பிரெஞ்சு மொழியிலிருந்து அவ்வெழுத்தின்றி வந்த சொல்லில், இலத்தீன் மூலத்தைக் காட்டும் ஆர்வத்தால் பிற்காலத்தார் அதனைப் புகுத்தினர். பெரும்பாலும் ஒலித்தவாறே எழுதிப் பழகிய நம் மாணவர் இங்கு இடறுவதில் வியப்பில்லை.

1964இல் டாமெராவ் என்னும் ஆய்வாளர், தாம் ஆராய்ந்த எழுத்துப் பிழைகளுள் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை ஓரெழுத்து மிகுதல், குறைதல், வேறாதல், அடுத்தடுத்த எழுத்துகள் இடம் மாறுதல் ஆகிய நான்கனுள் அடங்கும் எனக் கண்டார். நம் இலக்கணத்தின் தோன்றல், திரிதல், கெடுதல் ஆகியவை நினைவுக்கு வருகின்றன அல்லவா? மிகக் குறைந்த மாற்றத்தால் கிடைக்கும் அகராதிச் சொல்லைத் தேடித் தருவதே இத்தகைய செயலிகளின் அடிப்படை.

ஆயின், பிழையாக எழுதிய சொல்லும் அகராதியில் இருந்துவிட்டால்? 'பிரின்சிபல்' எனும் ஒரே ஒலிக்கு இரு எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஒன்று கல்லூரி முதல்வர், மற்றொன்று கொள்கை. நம் மாணவர் ஒருவர் விடுப்பு விண்ணப்பத்தில் கொள்கைக்கே வணக்கம் செலுத்தியிருந்தார்! அவர்தம் கைப்பேசி அதனடியில் கோடிடவில்லை.

ஆகவே பயிலும் வேளையில் தானே திருத்தும் வசதியை நிறுத்திவிடுமாறு நாம் கூறுகிறோம். செயலி சொல்லை ஒலிக்கட்டும். மாணவர் பாராது எழுதி, பின்னர் ஒப்புநோக்கட்டும். தவறிய சொற்களை மறுநாள் மீண்டும் கேட்டெழுதுதல் வேண்டும்.