வார்ப்பச்சு வரையுமுன்

நாம் அன்றாடம் கையாளும் பிளாஸ்டிக் மூடி, சீப்பு, வாளி முதலியவற்றுட் பெரும்பாலானவை உட்செலுத்து வார்ப்பு முறையால் ஆக்கப்படுவன. உருகிய பிளாஸ்டிக்கை மூடிய உருக்கு அச்சினுள் அழுத்திச் செலுத்திக் குளிர்வித்து எடுத்தலே அம்முறை. அமெரிக்கராகிய ஹயற் சகோதரர் 1872 ஆம் ஆண்டில் இதற்குரிய தொடக்க இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். இன்று அச்சுக்கள் கணினியில் வரையப்படுகின்றன; ஆயினும் வரைவோன் முதலில் விடை காணவேண்டிய வினாக்கள் மாறவில்லை.

உருக்கிற் கூடியதைக் குறைத்தல் எளிது. குறைந்ததைக் கூட்டுதல் அரிது. ஆதலின் முன்கூட்டிச் சிந்தித்தலே அச்சமைப்பின் முதற்படியாகும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள மூடியொன்றைப் பொலிப்புரொப்பிலீனால் ஆக்குவதாகக் கொள்வோம்.

முதல் வினா, பொருள் எவ்வளவு சுருங்கும் என்பது. பொலிப்புரொப்பிலீன் குளிரும்போது நூற்றுக்கு 1 முதல் 2.5 வரை சுருங்கும். 1.5 எனக் கொள்ளின் அச்சுக்குழி ஏறத்தாழ 101.5 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். அச்சு முடிந்தபின், நூற்றுக்கு 0.5 அளவே சுருங்கும் வேறொரு பிளாஸ்டிக்கை இட்டால் மூடி பெருத்துப் போத்தலிற் பொருந்தாது.

இரண்டாவது, சுவரின் தடிப்பு. தடிப்பு இருமடங்காயின் குளிருங் காலம் ஏறக்குறைய நான்மடங்காகும். தடிப்பு ஒரு சீராக இல்லையேல் தடித்த இடம் குழிவிழும், பொருளும் கோணும்.

மூன்றாவது, பொருள் எவ்வாறு வெளிவரும் என்பது. அச்சு இரண்டாகப் பிரியும் கோட்டை முதலிலே துணிதல் வேண்டும். பக்கச் சுவர்களுக்கு ஏறத்தாழ ஒரு பாகைச் சாய்வு கொடுத்தால் மூடி உரசாது கழலும். தள்ளும் ஊசிகள் தழும்பு விடுமாதலின் அவற்றை உட்புறத்தில் அமைப்பர்.

நான்காவது, ஒருமுறையில் எத்தனை மூடிகள் என்பது. மூடியின் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு 300 கிலோகிராம் அழுத்தமெனின் ஒரு மூடிக்கே 23.5 தொன் விசை வேண்டும். நான்குக்கு 94 தொன். 100 தொன் இயந்திரம் இதற்குப் போதுமெனத் தோன்றினும், அழுத்தம் சிறிது ஏறின் அச்சு வாய்திறந்து விளிம்பிற் பிசிறு படரும். ஆதலின் இரண்டோடு அமைவதே அறிவுடைமை.

இவை தெளிந்தபின்னரே கோடு வரைதல் தகும். உருக்கு உட்செல்லும் வாயிலை மூடியின் நடுவில் வைத்தால் அது விளிம்பெங்கும் ஒருங்கே சென்று சேரும் என்று சொல்லற்க. செல்வது உருகிய பிளாஸ்டிக்கே, உருக்கன்று. சொற்களிலும் இத்தகைய தெளிவு வேண்டும். வாயிலை அடுத்து, குளிர்நீர் வழிகளும் தள்ளும் ஊசிகளும் ஒன்றையொன்று வெட்டாதவாறு இடங் குறித்து, இறுதியிலேயே அச்சின் புறச்சட்டத்தைத் தேர்தல் முறை. ஆணச்சைச் சற்றுப் பருமனாகவும் பெண்ணச்சின் குழியைச் சற்று ஒடுக்கமாகவும் விடுக. முதல் வார்ப்பை அளந்தபின் வேண்டிய அளவு செதுக்கிக் கொள்ளலாம்.