விலை உயர்ந்த மதர்போர்டு: கொள்முதலுக்கு முன் ஒரு கணக்கு

கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் நம் உறுப்பினர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வாடிக்கையாளர் வந்து, "இருப்பதிலேயே உயர்ந்த மதர்போர்டு கொடுங்கள்" என்கிறார். நாமும் பெரிய பெட்டியை எடுத்து வைக்கிறோம். "இதற்கும் பக்கத்தில் இருப்பதற்கும் மூன்று மடங்கு விலை வித்தியாசம் ஏன்?" என்று அவர் திருப்பிக் கேட்டால், "இது ஹை எண்டு சார்" என்பதற்கு மேல் நம்மிடம் பதில் இல்லை. ஆகவே ஒரே ஒரு போர்டை எடுத்துக்கொண்டு, கொடுக்கிற பணம் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று இங்கே பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்வது ஏசூஸ் நிறுவனத்தின் 'ஆர்.ஓ.ஜி. மேக்சிமஸ் இசட் 690 ஹீரோ'. இன்டெல்லின் 12ஆம் தலைமுறை பிராசசர்களுடன் 2021 நவம்பரில் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் விலை சுமார் 600 டாலர். அன்றைய மாற்று விகிதப்படி, வரி சேர்க்காமலே 45,000 ரூபாய் அளவுக்கு வரும். அதே இசட் 690 சிப்செட் உள்ள சாதாரண போர்டுகள் 200 டாலர் சுமாரிலேயே கிடைத்தன. பழைய போர்டை ஏன் எடுத்தோம் என்று கேட்கலாம். புதிதாக வந்த போர்டுக்கு விளம்பரம் மட்டுமே இருக்கும்; இந்தப் போர்டுக்கோ அறிமுகம், பழுது, சாக்கெட் மாற்றம் வரை முழுக் கதையும் நம் கண்முன் நடந்து முடிந்துவிட்டது.

முதலில் வேகம். வாடிக்கையாளர் பெரும்பாலும் இதற்குத்தான் பணம் கொடுப்பதாக நினைக்கிறார். ஒரே பிராசசர், ஒரே மெமரி, ஒரே கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை 200 டாலர் போர்டிலும் 600 டாலர் போர்டிலும் மாற்றிப் பொருத்தினால், கம்பெனி அமைப்பிலேயே ஓட்டும் வரை, கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது. கணக்கு போடுவது பிராசசர். போர்டின் வேலை அதற்கு மின்சாரமும் வழியும் கொடுப்பது. மின்சாரம் கொடுக்கும் பகுதி மிகவும் பலவீனமான போர்டில்தான், நீண்ட நேர வேலையில் அது சூடேறி பிராசசரின் வேகத்தைக் குறைக்க நேரும்.

அந்த மின்பகுதியைப் பார்ப்போம். ஹீரோ போர்டில் 20+1 பவர் ஸ்டேஜ்கள். ஒவ்வொன்றும் 90 ஆம்பியர் தாங்கும் என்பது பெட்டியில் உள்ள பெருமை. அந்த 20 மட்டும் சேர்ந்தால் ஏட்டளவில் 1,800 ஆம்பியர். அன்றைய உச்ச பிராசசரான கோர் ஐ9 12900கே, முழுச் சுமையில் எடுப்பது 241 வாட். அதை 1.25 வோல்ட் என்று வைத்து வகுத்தால் 193 ஆம்பியர்தான் வருகிறது. அதாவது தேவையைப் போல ஒன்பது மடங்கு! உபரி இருந்தால் பாகங்கள் சூடாகாமல் ஓடும் என்பது உண்மை. நம் ஊர் மே மாத வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் அது உதவியும் செய்யும். ஆனால் பாதி அளவுள்ள போர்டும் அதே வேலையைக் குறைவின்றிச் செய்யும். ஓவர்கிளாக் செய்து பழகியவர் கேட்டால் கொடுக்கலாம். மற்றவரிடம் ஸ்டேஜ் எண்ணிக்கையைச் சொல்லி விற்பது, நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் கல்யாண அண்டாவை விற்பது போலத்தான்.

பணம் உண்மையில் போயிருப்பது வேறு இடங்களில். வெளியே 40 கிகாபிட் வேகமுள்ள தண்டர்போல்ட் 4 போர்ட்டுகள் இரண்டு. வீடியோ எடிட்டிங் செய்கிறவர், வெளி டிஸ்க்கில் பெரிய கோப்புகளை வைத்து வேலை செய்கிறவர், இவர்களுக்கு இது ஒன்றே விலை வித்தியாசத்தை நியாயப்படுத்தும். வேகமான டிஸ்க்குகளுக்கு எம்.2 இடங்கள் ஐந்து: போர்டில் மூன்று, கூடவே வரும் தனி கார்டில் இரண்டு. இங்கே ஒரு சிறு எழுத்து விஷயம் உண்டு. பிராசசரிலிருந்து ஐந்தாம் தலைமுறை வேகத்தில் வரும் வழிகள் மொத்தம் 16. கார்டிலுள்ள டிஸ்க்கை அந்த வேகத்தில் ஓட்ட இரண்டாவது ஸ்லாட்டில் செருகினால், கிராபிக்ஸ் கார்டுக்கு 8 வழிகளே மிஞ்சும். இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து அவரே கண்டுபிடித்துக்கொண்டு வந்து நின்றால் நம் பேச்சு எடுபடாது. அதேபோல, இது டி.டி.ஆர்.5 மெமரி மட்டுமே ஏற்கும். பழைய டி.டி.ஆர்.4 மெமரியைக் கழற்றிப் போடலாம் என்று எண்ணி வருகிறவருக்குச் செலவு இன்னொரு பங்கு கூடும்.

சர்வீஸ் செய்யும் கடைக்கு உபயோகமானவை இரண்டு. கோளாறு எந்தக் கட்டத்தில் என்று காட்டும் இரண்டு இலக்க எண் திரை ஒன்று. பிராசசர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் பயாஸை மாற்றும் வசதி மற்றொன்று. 2022 அக்டோபரில் 13ஆம் தலைமுறை பிராசசர் வந்தபோது, 2021இல் வாங்கி வைத்த போர்டுகள் புதிய பயாஸ் ஏற்றாமல் அதை ஏற்கவில்லை. இந்த வசதி இல்லாத போர்டுகளுக்கு, பயாஸ் ஏற்றுவதற்கென்றே ஒரு 12ஆம் தலைமுறை பிராசசரைத் தேட வேண்டியிருந்தது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இத்தனை விலையுள்ள இந்தப் போர்டு, வந்த சில வாரங்களிலேயே சிலரிடம் புகைந்தது. எண் திரையில் மெமரி கோளாறைக் குறிக்கும் 53 என்ற எண் நின்றது. அருகிலிருந்த சிறு பாகங்கள் கருகின. காரணம், தொழிற்சாலையில் ஒரு கெப்பாசிட்டர் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. பிளஸ், மைனஸ் உள்ள அந்தப் பாகத்தை மாற்றி வைத்தால் அது தாங்காது. 2021 டிசம்பர் இறுதியில் கம்பெனியே இதை ஒப்புக்கொண்டு, மாற்றித் தருவதாக அறிவித்தது. 2021இல் தயாரானவற்றில் குறிப்பிட்ட பார்ட் நம்பரும், எம்.ஏ., எம்.பி., எம்.சி. என்று தொடங்கும் சீரியல் நம்பரும் கொண்டவையே பாதிக்கப்பட்டவை. அமெரிக்காவில் 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழியாகச் சுமார் 10,000 போர்டுகள் திரும்ப அழைக்கப்பட்டன.

உயர்ந்த விலை கொடுத்தால் பழுதே வராது என்று நாம் வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருப்பதை இனியாவது நிறுத்த வேண்டும். அதைவிட, அப்படி ஓர் அறிவிப்பு வந்த அன்று விற்ற கடைக்காரர் என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருந்தவர் பத்து நிமிடத்தில் புத்தகத்தைப் புரட்டி, வாங்கியவருக்குப் போன் செய்திருப்பார். "மதர்போர்டு – 1" என்று மட்டும் எழுதியிருந்தவர், புகை வந்த பிறகு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருப்பார்.

சீரியல் நம்பரோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் எனக்கே பட்ட அனுபவம் உண்டு. இந்த வகை போர்டில் 1,700 மெல்லிய பின்கள் சாக்கெட்டுக்குள் போர்டிலேயே இருக்கின்றன. கவுண்டரில் ஒருவர் ஆசையாகக் கேட்டார் என்று பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் காட்டினோம். மறுவாரம் "ஓடவில்லை" என்று திரும்பி வந்தது. பார்த்தால் இரண்டு பின்கள் வளைந்திருந்தன. வளைத்தது நாமா, அவரா, தெரியாது. பின் வளைவு வாரண்டியில் சேராது என்று விநியோகஸ்தர் கைவிரித்துவிட்டார். நஷ்டம் முழுதும் கடைக்கு. அன்றிலிருந்து, வாடிக்கையாளர் முன்னிலையில் ஒரே ஒரு முறை மூடியைத் திறந்து, சாக்கெட்டைப் போட்டோ எடுத்து, பில் நகலில் அவர் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். கழற்றிய மூடியையும் பத்திரப்படுத்தச் சொல்கிறோம். வாரண்டிக்கு அனுப்பும்போது மூடி இல்லையென்றால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

எத்தனை வாங்கி வைப்பது? எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட் 2021இல் வந்தது. 14ஆம் தலைமுறையோடு நின்றது. 2024 அக்டோபரில் எல்.ஜி.ஏ. 1851 வந்துவிட்டது. உச்ச பிராசசருக்கான இடம் மூன்றே ஆண்டு. பழைய சாக்கெட்டில் 10,000 ரூபாய் போர்டு பழுது மாற்ற வருகிறவருக்காவது விற்றுவிடும். 50,000 ரூபாய் போர்டு வாங்குகிறவரோ புதியதைத்தான் கேட்பார். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டில் 2022இல் வந்த 7000 வரிசையும் 2024இல் வந்த 9000 வரிசையும் ஒரே போர்டில் பொருந்துகின்றன என்பதால் அங்கே தேக்க பயம் சற்றுக் குறைவு. எங்கள் கடையில் இந்த ரகத்தில் பார்வைக்கு ஒன்று மட்டும் வைக்கிறோம். இரண்டாவது வேண்டுமென்றால் கால் பங்கு முன்பணம் வாங்கிக்கொண்டுதான் ஆர்டர் போடுகிறோம்.