குருதி விடு தூது

அன்னத்தையும் கிளியையும் தென்றலையும் தூது விட்டுப் பாடிய மொழி நம்முடையது. நம் குருதியும் ஓயாமல் தூது விடுகிறது என்றால் மன்றத்து நண்பர்கள் வியக்கமாட்டார்கள். அத்தூதைப் படித்து, நோயாளி பிழைப்பாரா என்று முன்கூட்டியே கூற முடியுமா? எனக்கு இது வெறும் பாடநூற் கேள்வி அன்று.

2021 ஏப்ரலில், தில்லியில் மருத்துவமனைக் கட்டில் கிடைப்பதே அரிதாயிருந்த நாட்களில், கரோல்பாகில் எங்களோடிருந்த பெரிய மாமாவுக்குக் கோவிட் கண்டது. சோதனைத் தாளில் ‘இன்டர்லூக்கின்-6’ என்பதற்கு எதிரே 18 என்று இருந்தது. நூறைத் தாண்டினால்தான் ஆபத்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பா திருநெல்வேலியிலிருந்த ஆச்சிக்குத் தொலைபேசியில், “பதினெட்டுதான் அத்தை, பயப்படாதீங்க” என்றார். அன்றிரவு வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். அதன்பின் எட்டாம் நாள் மாமா இறந்தார்.

அந்தப் பதினெட்டு எதைச் சொல்லிற்று?

வைரஸ் புகுந்த செல் தான் அழியுமுன் அண்டைச் செல்களை எச்சரிக்கிறது. இதை 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டனர். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்புளுயென்சா வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வோடு வைத்திருந்து, பின் அந்நீரைப் புதிய சவ்வில் இட்டபோது, அதில் வைரஸ் பெருகவில்லை. அந்நீரிலிருந்த பொருளுக்கு இன்டர்பெரான் என்று பெயரிட்டனர். இத்தகைய தூதுப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன். இன்டர்லூக்கின்-6 இவ்வினத்ததே, இதன் மரபணுவை 1986-இல் ஜப்பானில் ஹிரானோ, கிஷிமோட்டோ குழுவினர் பிரித்தறிந்தனர். இது மூளைக்குச் சென்றால் காய்ச்சல். கல்லீரலுக்குச் சென்றால் சி.ஆர்.பி. என்னும் புரதம் பெருகும். நலமுள்ளவர் குருதியில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராமே இருக்கும். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு!

இத்துணைச் சிறிய அளவு உயிரைப் பற்றிப் பேசுகிறது என்பது உண்மை. நியூயார்க்கில் மவுண்ட் சினாய் மருத்துவமனைகளில் 2020-இல் 1,484 கோவிட் நோயாளிகளின் குருதியில் நான்கு சைட்டோகைன்களை அளந்தனர். வயது, பிற நோய்கள் ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னும், சேர்க்கையின்போது இன்டர்லூக்கின்-6-உம் டி.என்.எப்.-உம் மிகுந்திருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் மிகுதி என்று கண்டனர்.

ஆனால் ஐப்பசியில் மழை வரும் என்பது வேறு. நாளைக் காலை நம் தெருவில் பெய்யுமா என்பது வேறு. ஆயிரம் பேரைப் பற்றிய கணக்கு, ஒரு கட்டிலில் கிடக்கும் ஒருவரைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. மேலும், மிகுதி மட்டுமா ஆபத்து? இன்டர்பெரான் தொடக்கத்திலேயே வந்தால் காக்கும்; வராவிட்டால் வைரஸ் தடையின்றிப் பெருகும். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உயிருக்குப் போராடிய 987 கோவிட் நோயாளிகளில் 101 பேருக்குத் தம் இன்டர்பெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் குருதியில் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள். நோய் இலேசாகவோ அறிகுறியின்றியோ இருந்த 663 பேரில் ஒருவருக்கும் அவை இல்லை. தூது எழுந்தும், வழியிலேயே மறிக்கப்பட்டது. இன்டர்லூக்கினை மட்டும் அளக்கும் சோதனை இதை எப்படிக் காட்டும்?

செய்தித்தாள்கள் ‘சைட்டோகைன் புயல்’ என்று எழுதித் தள்ளின. அச்சொல்லில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. புற்றுநோய்க்கான சில செல் சிகிச்சைகளில் மெய்யாகவே அப்படிப் புயல் எழுவதுண்டு. அங்கே காணும் அளவு, கடுமையான கோவிடில் கண்டதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு.

எனினும் இந்த அறிவு வீண் போகவில்லை. இன்டர்லூக்கின்-6 தன் வாங்கியில் சேராமல் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பிரிட்டனின் ‘ரிகவரி’ ஆய்வு சோதித்தது. 2021-இல் வெளியான அதன் முடிவுப்படி, இறப்பு நூற்றுக்கு 35-இலிருந்து 31 ஆகக் குறைந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்க அவர்கள் இன்டர்லூக்கினை அளக்கவில்லை. உயிர்வளி குறைந்து, சி.ஆர்.பி. 75-க்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்றே வைத்தார்கள். மலிவான, எந்த ஊரிலும் செய்யக்கூடிய சோதனை அது.

மாமாவின் அந்தத் தாளை அப்பா இன்னும் எல்.ஐ.சி. பத்திரங்களோடு வைத்திருக்கிறார். சென்ற தீபாவளி விடுமுறையில் எடுத்துப் பார்த்தேன். அப்போது முதலாண்டு மாணவனாக இருந்த நான் எண்ணை மட்டுமே பார்த்திருந்தேன். மேலே, சிறிய எழுத்தில், குருதி எடுத்த தேதி இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள். கோவிட் பெரும்பாலும் முற்றுவது இரண்டாம் வாரத்தில். அதன்பின் யாரும் மறுமுறை அளக்கவில்லை. அளக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.